குறைச் சீட்டு

அத்தியாயம் 17

"கண்ணைத் தொறக்கக் கூடாது. தொறந்தா ஆட்டம் அவுட்டு" என்றார் மெக்கானிக்.

அவர் மனைவி பெரியவள் சமையலறை ஸ்டூலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு நாள் படுக்கையில் போட்ட காய்ச்சல் அவளை விட்டுப் போய் இது மூன்றாம் நாள். போகிற காய்ச்சல் வீட்டிலிருந்து எதையாவது கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பரீட்சை.

முந்தாநாள் தங்கை போனில் சொன்ன ஒரு வார்த்தை அவளைத் தின்றுகொண்டிருந்தது. "ஜுரத்துக்கப்புறம் உனக்கு மூக்கு சரியா வேலை செய்யலைக்கா. கொஞ்ச நாள் டீ பக்கமே வராத. ரெஸ்ட் எடு."

மூக்கு போனால் அவளிடம் வேறென்ன இருக்கிறது? ஆறு வருஷத்துக்கு முன், படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டில், இலையும் பூவுமாக அடுக்கடுக்காகப் பரப்பி, காலையில் பூவைச் சலித்தெடுத்துவிட்டு, நாற்பது பாக்கெட் கட்டி அடுத்த வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தார்களே அக்காவும் தங்கையும், அன்றிலிருந்து அந்த டீ ஓடுவது அவள் மூக்கிலும் நாக்கிலும்தான். அந்த அலமாரி இன்று கம்பெனியாகப் போகிறது. தங்கையின் கணவர், வீட்டில் எல்லாருக்கும் 'மாப்பிள்ளை', தன் பாத்ரூம் சாமான் கடையை மூடிவிட்டு இதில் முழுமூச்சாக இறங்கியிருக்கிறார். பெரிய குடோன், பாக்கெட் போடும் மெஷின் எல்லாம் வந்தாகிவிட்டது. இன்று மூன்று மணிக்கு ஒரு பெரிய ஹோட்டல் குழுமத்துக்குச் சாமான் வாங்குகிற அம்மா வருகிறாள். அவள் தலையாட்டினால் முப்பதாயிரம் பாக்கெட்.

"ம், இது?" மூக்கருகே ஏதோ வந்தது.

"ஆரஞ்சுத் தோல். ஜன்னல்ல காயவெச்சது."

"இது?"

"தீக்குச்சி. பத்தவெச்சு ஊதினது."

"பலே. இது?"

பெரியவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ச்சீ! உங்க சாக்ஸு. அதுவும் நேத்திக்குப் போட்டதில்ல. முந்தாநேத்து. டீசலோட ஊறிக் கெடக்குது."

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். பஸ் டெப்போவில் இருபது வருஷம் டீசலில் குளித்தவர். டீ இருக்கும் அறைக்குள் நுழைவதற்கு முன் இரண்டு தடவை சோப்புப் போட வேண்டும் என்பது இந்த வீட்டின் சட்டம். "மேடத்துக்கு மூக்கு போச்சுன்னு எவ சொன்னா? நாய்க்குக்கூடத் தேதியெல்லாம் தெரியாது. கடைசியா ஒண்ணு. இதைச் சொல்லிட்டா பாஸ்."

எங்கோ கத்தரிக்கோல் எதையோ வெட்டியது. கண்ணை மூடிக்கொண்டால் மூக்குக்கென்று ஒரு தனி ஊர் இருக்கிறது என்று அவள் நினைப்பதுண்டு. அங்கே தெருக்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, ஆனாலும் வழி தவறாது. இப்போது அவள் போய் நின்ற தெருவில் ஈரத் துடைப்பம் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது.

"எந்த பாத்ரூமைக் கழுவினீங்க?"

அது இன்னும் கிட்டே வந்தது.

"பினாயில். அதுக்கு மேல மல்லிகைப்பூ ஸ்ப்ரே. பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல நாத்தம் தெரியக் கூடாதுன்னு அடிச்சு வெப்பாங்களே, அதான். மூடுங்க, வயித்தைப் பெரட்டுது."

"கண்ணைத் தொற" என்றார் மெக்கானிக். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

அவர் கையில் இருந்தது பச்சை நிற பாக்கெட். அவர்களுடைய பாக்கெட். அவர்களுடைய மல்லிகை டீ.

"நேத்து உன் தங்கச்சி வீட்டுக்காரர் நாலு பாக்கெட் குடுத்தனுப்பினார். புது குடோன்ல போட்ட முதல் சரக்காம். நீ தூங்கிட்டிருந்த. பரண்ல வெச்சேன்."

பெரியவள் பாக்கெட்டை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்தாள். இலை நல்ல இலைதான். அவள் தேர்ந்தெடுத்த இலை. சுருண்டு, கறுத்து, சமர்த்தாக இருந்தது. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை வாங்கிக்கொள்ளும் பிறவி அது. மல்லிகைக்குப் பக்கத்தில் வைத்தால் மல்லிகை. வேறெதற்கோ பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

அவள் ஒரு கோப்பை போட்டுப் பார்த்தாள். பார்க்காமல் விட முடியாது. சூடாக உறிஞ்சி, நாக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினாள். அவ்வளவுதான், தொட்டிக்கு ஓடிக் காறித் துப்பினாள். குழாயைத் திறந்து நாக்கை விரலால் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். யாரோ தரை துடைத்த துணியை வாயில் பிழிந்ததுபோல் இருந்தது.

"இதென்ன, சீட்டு விழுது பாரு" என்றார் மெக்கானிக்.

பாக்கெட்டிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாள் விழுந்திருந்தது. குறைச் சீட்டு.

அதுதான் அவர்கள் டீயின் அடையாளமே. எல்லாரும் பாக்கெட்டில் பெருமை அடிப்பார்கள். பெரியவள் குறையைத்தான் எழுதுவாள். 'குறை: இந்தத் தடவை துவர்ப்பு கூடிவிட்டது, இரண்டு நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம்.' 'குறை: மழையில் பறித்த பூ, கொஞ்சம் சோம்பேறி வாசனை.' அக்கா எழுதுவாள். தங்கை படித்துப் பார்த்து, நாலாக மடித்து, பாக்கெட்டுக்குள் போடுவாள். சீட்டுக்காகவே டீ வாங்கியவர்கள் உண்டு. பெரியவளுக்கு இடதுகைப் பழக்கம். எழுதிக்கொண்டே போகும்போது கை பின்னாலேயே வந்து மையை இழுக்கும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு நீலத் தீற்றல் இருக்கும். அதுவே ஒரு முத்திரை மாதிரி ஆகிப்போனது.

இந்தச் சீட்டிலும் தீற்றல் இருந்தது. எழுத்தும் அவளுடையதுதான். 'ழ'வின் வால் அவள் இழுப்பதுபோலவே கீழே இறங்கிச் சுருண்டிருந்தது.

'குறை: ஒரு கோப்பையோடு நிறுத்த முடியாது!'

"அழகாத்தானே எழுதியிருக்க" என்றார் மெக்கானிக்.

"நான் எழுதல."

"உன் எழுத்துதானே?"

"என் எழுத்துதான். நான் எழுதல."

மற்ற மூன்று பாக்கெட்டுகளையும் கிழித்தாள். நாலு சீட்டு. நாலிலும் அதே வாக்கியம். நாலிலும் நீலத் தீற்றல் அதே இடத்தில், அதே அளவில், அதே மூக்கு நீண்ட மீன் வடிவத்தில். அச்சு.

தூக்கத்தில் யாரோ தன் கையைப் பிடித்து எழுத வைத்ததுபோல் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த ஆச்சரியக்குறியைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் ஒரு ஆச்சரியக்குறி போட்டதில்லை.

---

தங்கை வீட்டுக் கதவு பாதி திறந்தே இருந்தது. சின்னவள் நிலைக்கண்ணாடி முன் நின்று, வாயில் நாலு கொண்டை ஊசியைக் கவ்விக்கொண்டு, முடியை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாக்கா! உன்னை யாரு வெயில்ல வரச் சொன்னது? நானே ரெண்டரைக்கு வண்டி அனுப்புறேன்னு சொன்னேன்ல."

பெரியவள் நாலு சீட்டையும் கட்டிலில் சீட்டுக்கட்டுபோல் விரித்து வைத்தாள்.

சின்னவள் கண்ணாடியிலேயே அவற்றைப் பார்த்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துச் செருகினாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ ஜுரத்துல கெடந்த."

"என் கையை வெட்டி எடுத்துட்டுப் போயிருக்கீங்க, அதைச் சொல்லணும்னு தோணல?"

"ஏன்க்கா இப்படியெல்லாம் பேசுற? உன் பழைய சீட்டை ஒரு பையன் கம்ப்யூட்டர்ல ஏத்தினான், அவ்வளவுதான். முப்பதாயிரம் பாக்கெட்டுக்கா. நீ உக்காந்து முப்பதாயிரம் சீட்டு எழுதுவியா? உன் கை என்னத்துக்கு ஆகும்?"

"எழுதினது யாரு? அந்த 'நிறுத்த முடியாது'?"

"அவருதான். கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்னு..."

"அது குறையாடி?"

"மார்க்கெட்டிங்க்கா."

பெரியவள் நாக்கின் அடியில் அந்தச் சுவை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "சரி. சீட்டை விடு. சரக்கு நாறுது. பினாயில் நாத்தம்."

சின்னவள் திரும்பி, அக்காவின் தோளில் இரண்டு கையையும் வைத்தாள். முகத்தில் அப்படி ஒரு கனிவு. நோயாளியிடம் காட்டுகிற கனிவு. "நான் சொன்னேன்ல, உன் மூக்கு இன்னும் சரியாகலைக்கா. டாக்டரே சொன்னாரே, ரெண்டு மூணு வாரம் எல்லாமே வேற மாதிரி தெரியும்னு. நான் ருசி பாத்துத்தானே மூட்டையைக் கட்டினோம்? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அதுதான் பெரியவளை நிறுத்தியது. ரெண்டு நாக்கு என்பது அவர்கள் சட்டம். அக்கா நாக்கும் தங்கை நாக்கும் ஒத்துப்போனால்தான் பாக்கெட்டை ஒட்டுவார்கள். ஆறு வருஷத்தில் தங்கை நாக்கு ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை. ஒருவேளை? சாக்ஸும் தீக்குச்சியும் யாருக்கும்தான் தெரியும். ஒருவேளை தன் மூக்குதான் இப்போது பிறத்தியார் மூக்காகிவிட்டதோ?

"உக்காரு. முகமெல்லாம் வெளிறிப்போயிருக்கு. ஒரு டீ போடுறேன்."

சின்னவள் பேசிக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். வேலையை விட்டுவிட்டேன்க்கா, பத்து வருஷ டீச்சர் வேலை, கடையை மூடிட்டோம், இனி பின்னால போக வழியே இல்லை, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சமாளிச்சுட்டா போதும், அப்புறம் எல்லாத்தையும் நீ சொல்ற மாதிரியே மாத்திக்கலாம். பேச்சு ஒரு பக்கம் ஓட, கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. கெட்டிலைப் போட்டது. கோப்பைகளைக் கழுவியது. மேடையில் கண்ணெதிரே பச்சைப் பாக்கெட் பத்துப் பன்னிரண்டு அடுக்கியிருந்தது. கை அதைத் தொடவில்லை. மேலே எட்டி, மாவு டப்பாவுக்குப் பின்னால் துழாவி, ஒரு பழைய மிட்டாய் டின்னை எடுத்தது.

பெரியவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடி திறந்ததும் வாசனை வந்தது. மெதுவாக, கொஞ்சம் தயங்கி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற விருந்தாளி மாதிரி. அவளுக்கு அதைத் தெரியும். காய்ச்சலுக்கு முந்தைய வாரம் அவள் அலமாரியில் பரப்பியது. சீட்டில்கூட எழுதியிருந்தாள்: 'குறை: பூ ஒரு நாள் முன்பே பறித்தது. வாசனை தயங்கித்தான் வரும்.'

மூக்கு போகவில்லை.

அவளுக்கு வந்தது சந்தோஷமில்லை. பினாயில் நாறியபோது வாய்தான் குமட்டியது. இப்போது குமட்டியது வேறெங்கோ, பெயர் தெரியாத ஒரு இடத்தில். இவளுக்குத் தெரியும். முதல் வாயிலேயே தெரிந்திருக்கும். தெரிந்து, துப்பி, வாயைக் கொப்பளித்து, 'ஓகே' சொல்லி மூட்டையைக் கட்டிவிட்டு, நல்லதைத் தனக்கென்று மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள். அதோடு, "உன் மூக்கு போச்சு" என்று ஒரு வார்த்தை.

"இந்தாக்கா. சூடா குடி."

பெரியவள் கோப்பையை வாங்கினாள். குடிக்கவில்லை.

"எந்த இடம்டி அந்த குடோன்?"

"அவரோட பழைய கடை குடோன்தான். போன மாசம் பெயின்ட் அடிச்சோம். பளபளன்னு இருக்கும், நீயே வந்து பாரேன்."

"கடையில வேற என்ன வித்தாரு? டைல்ஸு, குழாய்..."

"அதான். டைல்ஸு, குழாய், கழுவுற சாமானெல்லாம்." சின்னவள் சட்டென்று மணியைப் பார்த்தாள். "ஐயோ, இன்னும் முகத்துக்கு ஒண்ணும் போடல!"

---

குடோன் உண்மையிலேயே பளபளவென்றுதான் இருந்தது. கடையில் விற்காமல் தங்கிய வெள்ளை டைல்ஸையெல்லாம் மாப்பிள்ளை சுவரில் மார்பு உயரத்துக்கு ஒட்டியிருந்தார். நடுவில் நீள மேசை, அதன் மேல் கோப்பைகள், துப்புவதற்கு எவர்சில்வர் குவளை, அச்சடித்த குறைச் சீட்டுகளின் அடுக்கு. மெஷின் ஒரு மூலையில் துணி போர்த்திக்கொண்டு நின்றது. மூட்டைகள் பின்சுவரோரம்.

பெரியவள் யாரையும் கேட்கவில்லை. மூக்கு கூட்டிப்போன வழியில் போனாள். மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் பன்னிரண்டு நீல டிரம். ஒன்றின் மூடி சரியாக உட்காராமல் ஓரத்தில் வெள்ளையாக வழிந்து காய்ந்திருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, எரிச்சலில்.

"அக்கா! அங்க என்ன பண்றீங்க, அதெல்லாம் பழைய ஸ்டாக்கு. அடுத்த வாரம் எடுத்துட்டுப் போயிடுவாங்க." மாப்பிள்ளை வேகமாக வந்தார். புதுச்சட்டை, புது பவுடர், புது உற்சாகம். "வாங்க, வாங்க. உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்."

மேசையில் ஒரு விசிட்டிங் கார்டு கட்டு இருந்தது. அவள் பெயருக்குக் கீழே, 'தலைமை ருசிப்பாளர்'.

"டிரம்முக்கும் மூட்டைக்கும் நடுவுல நாலு அடிகூட இல்ல தம்பி."

"தடுப்பு இருக்கேக்கா."

"தகரத்தைப் பாத்தா நாத்தம் திரும்பிப் போயிடுமா?"

மாப்பிள்ளை சிரித்தார். அவருக்குப் பதில் தெரியாத எல்லாக் கேள்விக்கும் அதே சிரிப்புதான். "அக்கா, நீங்க இன்னும் அலமாரிக் காலத்துலயே இருக்கீங்க. இப்ப நீங்க ஒரு ஆளே இல்ல தெரியுமா? நீங்க ஒரு ஃபான்ட்! உங்க எழுத்தைக் கம்ப்யூட்டர்ல தட்டினா நீங்க இல்லாமலேயே நீங்க எழுதுவீங்க. நீங்க வீட்ல நிம்மதியா தூங்கலாம். இந்தாங்க, இதுல மட்டும் ஒரு கையெழுத்து. உங்க எழுத்தையும் பேரையும் கம்பெனி உபயோகிச்சுக்கலாம்னு. சும்மா ஃபார்மாலிட்டி."

பெரியவள் அந்தத் தாளைக் கையால் தொடவில்லை. ஈ மொய்த்த பண்டத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "வர்றவங்க வந்துட்டுப் போகட்டும்."

ஹோட்டல்காரம்மா சரியாக மூன்றுக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி, தோளில் பெரிய பை, காலில் சத்தமில்லாத செருப்பு. மாப்பிள்ளை நீட்டிய நாற்காலியை விட்டுவிட்டு நேராகப் பெரியவளிடம் வந்தாள்.

"நீங்கதானே சீட்டு எழுதுறவங்க? கை நீலமா இருக்குமேன்னு தேடினேன்."

பெரியவள் தன் இடதுகை ஓரத்தைப் பார்த்துக்கொண்டாள். காய்ச்சலில் எழுதாததால் சுத்தமாக இருந்தது.

"நாலு வருஷமா உங்க டீ வாங்குறேன். எங்க ஹோட்டல்ல யாருக்கும் தெரியாது." அம்மா பையிலிருந்து ஒரு சின்ன கவரை எடுத்தாள். உள்ளே பதினாலு சீட்டு, ரப்பர் பேண்டு போட்டு. "'சோம்பேறி வாசனை'ன்னு ஒண்ணு எழுதினீங்க பாருங்க, அன்னிக்குப் பூரா சிரிச்சேன். தன் சரக்கைத் தானே குறை சொல்ற ஆளை நான் இந்த வேலையில வேற எங்கயும் பாக்கல. அதுக்காகத்தான் வந்தேன்."

மாப்பிள்ளை பூரித்துப்போனார். "அதாங்க எங்க பிராண்டே!"

சின்னவள் டீயை ஊற்றினாள். பச்சைப் பாக்கெட்டிலிருந்து. ஆவி எழுந்தது. பெரியவள் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அம்மா ஒரு வாய் குடித்தாள். யோசித்தாள். இன்னொரு வாய்.

"சுத்தமா இருக்கு" என்றாள். "ரொம்ப சுத்தமான வாசனை. எங்கேயோ பழகின மாதிரி. எங்க ஹோட்டல் ஞாபகம் வருது, ஏன்னு தெரியல."

பெரியவளுக்குத் தெரியும் ஏன் என்று. அந்த ஹோட்டலில் எந்தக் கதவைத் திறந்தால் அந்த வாசனை வரும் என்றுகூடச் சொல்லியிருப்பாள். தொண்டை வரைக்கும் ஏதோ எழும்பி வந்தது. சிரிப்பா ஓங்கரிப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மாப்பிள்ளை முகத்தில் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. "பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன், இதுதான் இனிமே நம்ம ஸ்டாண்டர்டு. இதே வாசனையிலேயே முப்பதாயிரமும் வரும்!"

வரும். அந்த டிரம்களை அவர் இனி எடுக்கவே மாட்டார் என்று பெரியவளுக்குப் புரிந்தது.

"ஒரு நிமிஷங்க" என்றாள். "எங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு. ரெண்டு நாக்கு பாக்கணும்." ஒரு கோப்பையை எடுத்துத் தங்கையின் முன்னால் வைத்தாள். "குடிடி."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் கை எவர்சில்வர் குவளையைத் தேடியது. பெரியவள் குவளையை மேசையின் மறுமுனைக்குத் தள்ளிவிட்டாள்.

"துப்புறதுக்கு நாம வேலை பாக்குறவங்க. வாங்குறவங்க முழுங்கத்தானே போறாங்க? முழுங்கு."

"அக்கா..."

"ஒரு கோப்பையோட நிறுத்த முடியாதாமே. ஒண்ணே ஒண்ணு போதும் எனக்கு."

ஹோட்டல்காரம்மா சிரித்தாள், ஏதோ அக்கா தங்கை விளையாட்டென்று. சின்னவள் கோப்பையை எடுத்தாள். கண்ணை அக்காவின் மேலிருந்து எடுக்காமல், மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக வந்தது. கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"நல்லா இருக்குக்கா" என்றாள். புன்னகைக்கவும் செய்தாள்.

சின்ன வயதில் ஒரே ஐஸை மாறி மாறி நக்கித் தின்றவர்கள். அவள் எச்சில் இவளுக்கு எப்போதும் எச்சிலாகத் தோன்றியதே இல்லை. இப்போது அந்த ஈரமான உதட்டைப் பார்க்கச் சகிக்காமல் பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப எனக்கு ஒரு சீட்டு வேணுமே" என்றாள் ஹோட்டல்காரம்மா. "அச்சடிச்சதெல்லாம் வேண்டாம். இப்ப, என் கண்ணு முன்னால, இந்த டீக்கு என்ன குறைன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. பதினஞ்சாவது சீட்டு."

மாப்பிள்ளை தன் சட்டைப்பையிலிருந்து மைப்பேனாவை உருவி நீட்டினார். சீட்டின் அளவிலேயே ஒரு வெற்றுத் தாளும் வந்தது.

பெரியவள் உட்கார்ந்தாள். மெஷின் மேல் போர்த்திய துணி காற்றில் அசைந்தது. எழுதினால் தங்கையின் பத்து வருஷ வேலை, மூடிய கடை, எல்லாம் இந்த ஒரு தாளில் போகும். எழுதாவிட்டால்? இனி எந்தச் சீட்டையும் எழுத வேண்டியிருக்காது. கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும்.

எழுதினாள். இடதுகை பின்னாலேயே வந்து ஈர மையை இழுத்தது.

'குறை: பத்து நாள் பினாயில் டிரம்முக்குப் பக்கத்தில் இருந்தது. குடிக்க வேண்டாம்.'

எழுதி முடித்ததும், நேராக அம்மாவிடம் கொடுக்கவில்லை. ஆறு வருஷ வழக்கம். தங்கையிடம் நீட்டினாள். படிக்க வேண்டியது அவள், மடிக்க வேண்டியது அவள். இவளே கொடுக்கட்டும் என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு ஆசை. இவள் கையாலேயே கொடுத்துவிட்டால், அந்த ஒரு கோப்பையை மன்னித்துவிடலாம்.

சின்னவள் படித்தாள். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. மேசைப் பக்கம் குனிந்தாள். மடித்தாள். நாலாக. நிமிர்ந்து ஹோட்டல்காரம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா பிரித்தாள். உரக்கப் படித்தாள்.

"'குறை: ஒரு கோப்பையோடு நிறுத்த முடியாது!'"

மாப்பிள்ளை கைதட்டினார்.

பெரியவள் காதில் அந்தக் கைதட்டல் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது. அம்மாவின் கையில் அதே எழுத்து. 'ழ'வின் அதே வால். அதே மீன் வடிவத் தீற்றல். யாராவது வந்து, இது உன் எழுத்தில்லை என்று நீ நிரூபி பார்க்கலாம் என்றால், உலகத்தில் அவளுக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. இருந்த ஒரே சாட்சி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, வலதுகையை இறுக்கி மூடிக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண் கெஞ்சியது. விடுக்கா, இந்த ஒரு தடவை. சின்ன வயதிலிருந்து பார்த்த கெஞ்சல். ஒவ்வொரு தடவையும் விட்டுக்கொடுத்த கெஞ்சல்.

"கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருக்கு" என்றாள் ஹோட்டல்காரம்மா மெதுவாக. "உங்க மத்த சீட்டு மாதிரி இல்லையே. விளம்பரம் மாதிரி இருக்கு." கட்டைவிரலால் நீலத் தீற்றலைத் தேய்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி, அழுத்தித் தேய்த்தாள்.

விரல் சுத்தமாக இருந்தது.

"இப்பத்தானே எழுதினீங்க?"

"பேனா அப்படிங்க!" என்றார் மாப்பிள்ளை. "நல்ல கம்பெனி பேனா. எழுதின உடனே காஞ்சிடும்."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஹோட்டல்காரம்மாவின் பார்வை பெரியவளின் இடதுகைக்குப் போனது. சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை, ஓரமெல்லாம், ஈர நீலம்.

இப்போதும் சும்மா இருக்கலாம். பேனாதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கை சொன்னாளே, அப்புறம் எல்லாத்தையும் மாத்திக்கலாம் என்று. பெரியவள் வாயைத் திறந்தாள். நாக்கின் அடியில் காலையிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கழிவறைக் கசப்பு எழும்பி வந்தது. அதை இனி ஒரு சொட்டுகூட அவளால் முழுங்க முடியாது.

எழுந்து போய் எவர்சில்வர் குவளையை இழுத்து, அதில் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எழுதினது இன்னும் காயலீங்க" என்றாள். "அது அவ கையில இருக்கு."

சின்னவளின் மூடிய கை மெல்ல மேசைக்குக் கீழே இறங்கியது. விரலிடுக்கில், வேர்வையோடு, நீலம் கசிய ஆரம்பித்திருந்தது.

"கையைத் தொறங்கம்மா" என்றாள் ஹோட்டல்காரம்மா.